பல்கலைக் கழகப் படிப்பும் அன்றாடச் சிட்டையும்

கடை வைத்து நடத்தும் நம்மில் எவரும் அன்றைய கணக்கை முடிக்காமல் படுக்கப் போவதில்லை. கதவைச் சாத்தியபின் கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறோம். இருபது காசு குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தேடுகிறோம். பேரேட்டை வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் திறந்து பார்க்கும் வியாபாரி ஒருவர் இருப்பாரானால், அவர் கடை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பிவிட்டு அவர்கள் படிப்பு விஷயத்தில் நாம் செய்து வருவது ஏறக்குறைய இதுவேதான். சேர்க்கும்போது ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறோம், மாதாமாதம் பணம் அனுப்புகிறோம், நான்கு மாதம் கழித்துப் பரீட்சை முடிவு வந்த அன்று "பாஸா, பெயிலா?" என்று கேட்கிறோம். இடையில் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிவதில்லை. பிள்ளையும் தானாகச் சொல்வதில்லை.

செர்டாங்கிலும், அடுத்துள்ள பண்டார் பாரு, கூலிம் வட்டாரங்களிலும் தோட்டத்துச் சனங்களை நம்பி மளிகை, துணி, சாப்பாட்டுக் கடை நடத்தி வரும் நம் சகோதரர்களுக்கு இது சாவகாசமாகப் பேசும் விஷயமன்று. நம் பாட்டனார் காலத்தில் பல்கலைக் கழகம் என்பது கண்ணுக்கெட்டாத தூரம். மலாயாப் பல்கலைக் கழகம் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் தொடங்கப்பட்டபோது அது சிங்கப்பூரில் இருந்தது. கெடாவிலிருந்து படிக்கப் போகிறவர் நாட்டின் வட கோடியிலிருந்து தென் கோடிக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. 1959-இல் கோலாலம்பூரில் அதன் கிளை ஏற்பட்டு, 1962-இல் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. 1969-இல் பினாங்குக்கு ஒன்று வந்தது. 1984-இல் நம் கெடா மாநிலத்திலேயே வட மலேசியப் பல்கலைக் கழகம் எழுந்தது. 2001-இல் பீடோங் பக்கம் எய்ம்ஸ்ட் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. பினாங்குப் பல்கலைக் கழகத்தின் பொறியியல் வளாகமோ, செர்டாங்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய நிபோங் திபால் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே உள்ளே நுழைவது முன்போல் அத்தனை அரிதான காரியமாக இல்லை. நுழைந்தபின் நிலைத்து நிற்பதில்தான் கஷ்டம் இருக்கிறது.

அந்தக் கஷ்டம் பெரும்பாலும் முதற் பருவத்திலேயே வந்துவிடுகிறது. பல்கலைக் கழகத்தில் மதிப்பெண்ணை 4.00 என்னும் அளவுக்குக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு பருவத்துப் புள்ளியும் அடுத்த பருவத்தோடு சேர்த்துச் சராசரி ஆக்கப்படுகிறது. அதாவது, பழைய நிலுவை புதிய பேரேட்டில் முன்வைப்பாக ஏறிவிடுகிறது. பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் 2.00-க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். தொடர்ந்து கீழேயே இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எட்டுப் பருவப் படிப்பில் முதற் பருவத்தில் 1.80 வாங்கிய ஒரு பிள்ளை, கடைசியில் 3.00 சராசரியோடு வெளிவர விரும்பினால், மீதி ஏழு பருவங்களிலும் சராசரி 3.17 எடுத்தாக வேண்டும். முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முதல் நான்கு மாத அசட்டைக்கு மூன்றரை ஆண்டுகள் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை பல்கலைக் கழகத்தில் ஏன் தடுமாறுகிறது? புத்தி குறைந்துபோகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறர் அதற்காகக் கணக்கு வைத்திருந்தார்கள். மணி அடித்தார்கள், வீட்டுப் பாடம் கொடுத்து மறுநாளே திருத்தினார்கள், டியூஷன் ஆசிரியர் பழைய வினாத்தாள்களை எழுத வைத்தார், வீட்டில் தாயார் அதட்டினார். பல்கலைக் கழகத்தில் இவை ஒன்றும் இல்லை. நாளில் இரண்டு மூன்று மணி நேரம் விரிவுரை. மீதி நேரமெல்லாம் 'சும்மா' கிடைப்பதுபோல் தோன்றுகிறது. இந்தத் தோற்றமே பிள்ளைகளைக் கெடுக்கிறது. அந்த நேரம் சும்மா கிடைத்ததன்று என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். வியாபாரிகளாகிய நமக்கு அதுவே எளிதில் விளங்கும் பாஷையும் ஆகும்.

மலேசியாவில் உயர்கல்வித் தரத்தை மேற்பார்க்கும் தகுதி நிறுவனம் வகுத்த அளவின்படி, ஒரு 'கிரெடிட்' என்பது மாணாக்கர் 40 மணி நேரம் உழைப்பதற்குச் சமம். ஆகவே மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். விரிவுரையும் டியூட்டோரியலும் சேர்ந்து வாரம் மூன்று மணி நேரமாகப் பதினான்கு வாரம் நடந்தால், வகுப்பில் செல்வது 42 மணி நேரந்தான். மீதி 78 மணி நேரம் பிள்ளை தானாகவே படிக்கவும், கட்டுரை எழுதவும், பரீட்சைக்கு ஆயத்தம் செய்யவும் விடப்பட்டிருக்கிறது. பருவத்துக்கு இப்படி ஐந்து பாடம் எடுத்தால் 390 மணி நேரம். அதைப் பதினான்கு வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்குச் சுமார் 28 மணி நேரம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். இது ஆரோக்கியமான ஒரு வாலிபனோ பெண்ணோ தாங்கக்கூடிய சுமைதான். நம் கடையில் நிற்கும் நேரத்தில் பாதிகூட இல்லை.

இப்பொழுது மறு பக்கத்தைப் பாருங்கள். முதற் பத்து வாரம் ஒன்றும் செய்யாமல் கழித்துவிட்டு, கடைசி நான்கு வாரத்தில் எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்த 390 மணி நேரத்தையும் 28 நாளில் கொடுத்தாக வேண்டும். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகிறது. வகுப்புக்குப் போவது இதில் சேரவில்லை. சாப்பாடும் தூக்கமும் சேரவில்லை. இந்தக் கடனை யாரும் அடைத்ததில்லை. அடைத்ததாகச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனவர்கள். அவர்களில் சிலர் பாஸ் செய்தும் விடுகிறார்கள். அந்தக் கதைகளே விடுதி அறைகளில் சுற்றி வந்து புதுப் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரின் மாணவப் பருவத்தைச் சொல்வது பொருத்தமாயிருக்கும். இந்தியக் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை இருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்தவர். இராமநாதபுரச் சீமையில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ராக்கெட் விட்டதை எல்லாரும் பேசுகிறோம். அவர் எப்படிப் படித்தார் என்பதைப் பேசுவோர் குறைவு. அவருடைய மூத்த சகோதரர் இராமேசுவரம் ரயில் நிலையச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்த நாட்களில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் அந்தக் கடையில் நின்று எண்ணெயும் வெங்காயமும் அரிசியும் நிறுத்துக் கொடுத்தார். சிகரெட்டும் பீடியுந்தான் வேகமாக விலை போகும் சரக்கு என்பதைக் கவனித்து, ஏழைகள் தங்கள் காசை இப்படிப் புகைத்து விடுகிறார்களே என்று யோசித்ததாகவும் தம் சரிதையில் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கும் அவருக்கும் இடையே அப்படியொன்றும் தூரம் இல்லை.

1954-இல் பௌதிகத்தில் பட்டம் பெற்றபின் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரால் அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை. சகோதரி ஸொஹரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள். அந்த நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பது என்று கலாம் அவர்கள் உறுதி பூண்டார். அதற்கு அன்று அவருக்கிருந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உபகாரச் சம்பளம் பெறுவது. அடகுக் கடையில் நகை இருக்கும்போது ஒரு மாணாக்கன் எப்படிப் படிப்பான் என்பதை நாம் விளக்க வேண்டுமா?

அவர் வாழ்க்கையில் மேடைகளில் அதிகமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி வேறொன்று. ஒரு விமானத்தை வடிவமைக்கும் வேலையை நால்வரோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தபோது, வேலை மந்தமாக இருப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் அவர்கள், கலாம் கேட்ட ஒரு மாத அவகாசத்தை மறுத்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் மூன்றே நாள் தவணை கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் வரைபடம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன் நின்று முடித்துவிட்டார். இதைக் கேட்கும் வாலிபர்கள், "பார்த்தீர்களா, கடைசி நேரத்தில் கண் விழித்தால் போதும்" என்று பொருள் பண்ணிக்கொள்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று நாளில் வரையக்கூடிய கை, அதற்கு முன் பல வருஷங்கள் பழகிய கை. சிறு வயதில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மட்டுமே கணக்குச் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியரிடம் போய், பிறகு ஓதும் பள்ளிக்குப் போய், அதன் பின் பத்திரிகைக் கட்டுகளை விநியோகித்து, அதன் பின்னரே பள்ளிக்கூடம் போனவர் அவர். இவ்வளவையும் விட்டுவிட்டு மூன்று இரவை மாத்திரம் எடுத்துக்கொள்வது, பழைய கடையின் பெயர்ப் பலகையை மட்டும் விலைக்கு வாங்கியதுபோல் ஆகும்.

இனி, நாளொன்றுக்கு அந்த நான்கு மணி நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலோர் உழைத்தும் நட்டப்படுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, மறுபடியும் மறுபடியும் வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கப் பாடம் பழக்கப்பட்ட முகமாகிவிடுகிறது. பழக்கப்பட்டதெல்லாம் தெரிந்தது என்று மனம் சொல்கிறது. கடைக்குத் தினமும் வரும் ஒருவரின் முகம் நமக்கு நன்றாகத் தெரியும். பெயரைக் கேட்டால் விழிக்கிறோம் அல்லவா, அதுபோல.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளநூல் அறிஞர்கள் கல்லூரி மாணாக்கர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கட்டுரைப் பகுதியை ஒரு பிரிவினர் இரு முறை வாசித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு முறை வாசித்துவிட்டு, பின்பு தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தபோது இரு முறை வாசித்தவர்களே முந்தினார்கள்: அவர்கள் நூற்றுக்கு 81, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தபோது கணக்குத் தலைகீழாயிற்று. இரு முறை வாசித்தவர்களிடம் நின்றது 42. மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களிடம் நின்றது 56. பல்கலைக் கழகப் பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை. 2013-இல் டன்லாஸ்கி என்பவரும் அவர் சகாக்களும் மாணாக்கர் கையாளும் பத்து முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் பலன் குறைந்தவை என்றும், தன்னைத் தானே சோதித்துக் கொள்வதும் படிப்பை நாட்களுக்கிடையே பரப்பிப் படிப்பதுமே மிக்க பலனுடையவை என்றும் கண்டார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பக்கம் வியப்பு. மறு பக்கம் சிரிப்பு. ஏனெனில் நம் ஹிஃப்ழு மதரஸாக்களில் இது எத்தனையோ தலைமுறையாக நடந்து வரும் காரியம். முப்பது ஜுஸ்வையும் மனனம் செய்யும் பிள்ளை தினம் என்ன செய்கிறது? புதிய சபக் கொஞ்சம். சென்ற சில நாட்களில் ஓதியதை மீண்டும் ஒப்பித்தல் கொஞ்சம். பல மாதங்களுக்கு முன் முடித்த பழைய பாராக்களைச் சுற்று முறையில் ஓதிக் காட்டுதல் கொஞ்சம். இம்மூன்றும் ஒரே நாளில் நடக்கும். அதுவும் முஸ்ஹபை மூடி வைத்துவிட்டு, உஸ்தாதின் முன்னால். பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் ஓதிக்கொண்டே போகும் பிள்ளையை எந்த உஸ்தாதும் விடமாட்டார். முன்னால் கட்டக் கட்டப் பின்னால் இடிந்துகொண்டே வரும் என்பது அவருக்குத் தெரியும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும் பகுதி போய்விடுகிறது. பிறகு மெதுவாகப் போகிறது என்பது அவர் கண்டது. உஸ்தாதுகள் அளக்கவில்லை, அளவறிந்து நடந்தார்கள்.

இந்த முறையைப் பொறியியலுக்கோ கணக்கியலுக்கோ மாற்றிக் கொள்வதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. விரிவுரை முடிந்த அன்றிரவே, குறிப்புப் புத்தகத்தைத் திறவாமல், ஒரு வெள்ளைத் தாளில் அன்று நடந்ததை எழுத வேண்டும். இருபது நிமிஷம் போதும். எழுதி முடித்தபின் குறிப்பைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையால் நிரப்ப வேண்டும். இதுதான் நாம் சொல்லும் சிட்டை. கல்லாவில் இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வேறு மையில் தெரிந்துவிடும். மூன்று நாள் கழித்து மற்றொரு தாள். அடுத்த வாரம் மீண்டும் ஒன்று. கணக்குப் பாடமானால், ஆசிரியர் போட்டுக் காட்டிய கணக்கை விடையை மறைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்ப்பது. போட்ட கணக்கை வாசித்துத் தலையசைப்பது படிப்பாகாது. பழைய வினாத்தாள்கள் பல்கலைக் கழக நூலகங்களில் கிடைக்கும். அவற்றைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைப்பது பெரிய தவறு. ஐந்தாம் வாரத்திலேயே ஒரு வினாவை எடுத்து எழுதிப் பார்த்தால், எது தெரியவில்லை என்பது திருத்திக்கொள்ள நேரமிருக்கும்போதே தெரிந்துவிடும். இக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினிச் சாதனங்களும் வந்துவிட்டன. அவை நம் பிள்ளைக்கு வினாக் கொடுக்கட்டும். பிள்ளைக்காக விடை எழுதித் தருமானால், கூலிக்கு ஆள் வைத்து நோன்பு பிடிப்பதற்கு ஒப்பாகும்.

மொழிச் சங்கடம் ஒன்றும் உண்டு, அதை மறைப்பானேன்? வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பல்கலைக் கழகப் புத்தகமோ பல துறைகளில் ஆங்கிலம். வாசிக்க வாசிக்க ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது என்று மனம் உடைந்த பிள்ளைகள் உண்டு. வகுப்புக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தின் தலைப்புகளையும் படங்களையும் கடைசிப் பகுதியையும் மட்டும் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போவது இதற்கு நல்ல மருந்து. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபு மதரஸாக்களில் ஓதியவர்கள் இதை முதாலஆ என்பார்கள்: பாடத்துக்கு முன்னமே கிதாபைத் தானே பார்த்து வைப்பது. பாடத்துக்குப் பின் தோழர்கள் கூடி ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது தக்ரார். மூன்று பேர், நான்கு பேர் போதும். கூடிப் படிப்பதாகச் சொல்லி நாசி கண்டார்க் கடையில் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பதை நாம் சொல்லவில்லை. அந்தக் கடைகள் பல நம்முடையவைதாம் என்றாலும்! ஒருவர் எழுந்து நின்று பாடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மடக்க வேண்டும்.

பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவனே நன்றாகக் கற்கிறான் என்பதை மேல்நாட்டார் நம்மிடமிருந்து எடுத்துப் போன கதையும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை மேற்பார்த்து வந்தார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்தி, 1797-இல் அதைப்பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான்.

இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னோம். இனி நம் பங்கு.

அத்தாமார்கள் பலர், "நமக்கு அந்தப் படிப்பு தெரியாது; என்னத்தைக் கேட்பது?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நமக்குத் தெரியாததே இதில் பெரிய உபகாரம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஜும்ஆவுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம், தொலைபேசியில் கூப்பிடும்போது, "சாப்பிட்டாயா, பணம் இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், "தம்பி, இந்த வாரம் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? புத்தகத்தைப் பாராமல் எனக்குச் சொல்லு" என்று கேட்கலாம். "அது அத்தாவுக்குப் புரியாது" என்று பிள்ளை சொல்லும். "புரியாவிட்டால் போகிறது, நீ சொல்லு" என்று விடாமல் கேட்க வேண்டும். புரியாத ஒருவருக்குத் தமிழில் விளக்கத் தொடங்கும் பிள்ளை, தனக்கு எது விளங்கியிருக்கிறது, எது வெறும் வார்த்தை என்பதைப் பாதி வழியிலேயே கண்டுகொள்ளும். பேச்சு தடுமாறினால் நாம் ஏசக் கூடாது. ஏசினால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் நன்றாக இருப்பதாகவே நமக்குச் செய்தி வரும். தவறான கணக்கைக் கொண்டுவந்து காட்டும் கடைப் பையனை அடித்தால், அதற்குமேல் அவன் எப்பொழுதும் சரியான கணக்கையே காட்டுவான் என்பது நாம் அறிந்ததுதானே.

அடுத்தது, கடைக்குக் கூப்பிடும் பழக்கம். கடையில் நிற்பது படிப்புக்குப் பகை என்று நாம் கருதவில்லை. கலாம் அவர்களைப் பற்றிச் சொன்னோம். நம் கெடாவிலேயே, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அலோர் ஸ்டாரில் காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் விற்ற ஒரு மாணவர், 1947-இல் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1953-இல் டாக்டராக வெளிவந்தார். அவரே பின்னால் பிரதமரான மகாதீர் அவர்கள். ஆனால் கலாம் கடையில் நின்றது விடுமுறையில். மகாதீர் விற்றது பள்ளி மூடிக் கிடந்த காலத்தில். நாமோ பருவம் நடக்கும்போதே, நிபோங் திபால் பக்கந்தானே என்று வெள்ளிக்கிழமை மாலை மகனை வரச் சொல்லி, ஞாயிறு இரவு திருப்பி அனுப்புகிறோம். அவன் இருந்தால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்தையும், மேலே சொன்ன வாரம் 28 மணி நேரக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டு நாளில் எட்டு மணி நேரம் போயிற்று. பதினான்கு வாரத்துக்கு 112 மணி நேரம். ஒரு முழுப் பாடத்துக்கு அவன் தனியே கொடுக்க வேண்டிய 78 மணி நேரத்தையும் விட அதிகம் இது. பெண்மக்கள் விஷயத்தில் கடை என்பதற்குப் பதிலாக அடுப்படி என்று வாசித்துக் கொள்க. வீட்டுக்கு வந்த மகளை மூன்று வேளையும் சமையலுக்கு நிறுத்திவிட்டு, "இவளுக்கென்ன, எந்நேரமும் சும்மாதான் இருக்கிறாள்" என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் கதையைச் சொல்லிச் சமாதானம் அடைகிறவர்களும் இருக்கிறார்கள். கெடா சுல்தானின் மகனாகிய அவர் 1925-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். பாரிஸ்டர் ஆனதோ 1949-இல். இடையில் காரும் குதிரைப் பந்தயமுமாகக் கழிந்த மாணவ நாட்களை அவரே ஒளிக்காமல் பேசியவர். நாடு திரும்பி, கூலிமில் மாவட்ட அதிகாரியாகவும் இருந்து, யுத்தம் முடிந்தபின் மறுபடியும் லண்டனுக்குப் போய் நடுத்தர வயதில் பரீட்சையை முடித்தார். விடாமுயற்சிக்கு அது அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் அவர் ராஜகுமாரர்; கால் நூற்றாண்டு காத்திருக்க அவருக்கு முடிந்தது. நம் பிள்ளையின் பெயரில் அரசாங்கக் கல்விக் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. தம்பி தங்கைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் கற்றது இரவுத் தூக்கத்தில்தான் நினைவில் இறுகிப் படிகிறது என்பது இன்று ஆராய்ச்சியாளர் பலமுறை கண்ட உண்மை. விடிய விடிய விழித்துப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை, சரக்கை வாங்கிக் கிடங்கில் இறக்காமலேயே லாரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குப் படுத்து ஸுபுஹுக்கு எழுந்தால், விடுதி முழுவதும் உறங்கும் அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய தொந்தரவும் இல்லாமல் கிடைக்கும். கைப்பேசியை அந்த நேரத்தில் வேறோர் அறையில், அல்லது அறைத் தோழனின் அலமாரியில் வைப்பது நல்லது. மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னே நகர்ந்து வருவதால், சில வருஷங்களில் அது பரீட்சைக் காலத்தோடு சேர்ந்துகொள்ளும். அப்பொழுது தராவீஹுக்குப் பின் கனமான பாடத்தை எடுத்தால் கண் சுழலும். ஸஹருக்குப் பின் உள்ள நேரத்தை அதற்கு ஒதுக்கி, பிற்பகல் சோர்வில் எழுத்து வேலை, பிரதி எடுத்தல் போன்ற இலேசான காரியங்களை வைத்துக்கொள்ளலாம். அறிவுள்ள பிள்ளைகள் இதை முன்கூட்டியே காலண்டரில் பார்த்து வைப்பார்கள்.

ஏற்கெனவே ஒரு பருவம் கெட்டுப்போயிருந்தால்? முதலில் வீட்டில் உண்மையைச் சொல்லும்படியான முகத்தை நாம் வைத்திருக்க வேண்டும். பிறகு, பிள்ளை தன் கல்வி ஆலோசகரைப் பார்க்க வேண்டும். பல்கலைக் கழகங்களில் ஒவ்வொரு மாணாக்கருக்கும் அப்படியொரு விரிவுரையாளரை நியமித்திருப்பார்கள். பருவத் தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் ஒரு பாடத்தைக் கைவிடவோ மாற்றிக்கொள்ளவோ அனுமதி உண்டு. தேதி தாண்டினால் இல்லை. இது தெரியாமல் ஏழு பாடங்களை இழுத்துக்கொண்டு எல்லாவற்றிலும் தோற்பவர்கள் உண்டு. வெட்கப்பட்டு ஆலோசகரிடம் போகாமல் இருப்பது, கடன்காரருக்குப் பயந்து கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது போலத்தான்.

பருவத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு திட்டத் தாள் கொடுப்பார்கள். எந்த வாரத்தில் எந்த அத்தியாயம், கட்டுரை என்றைக்குக் கொடுக்க வேண்டும், இடைப் பரீட்சை எப்பொழுது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல பாடங்களில் நூற்றுக்கு நாற்பது ஐம்பது மதிப்பெண் இறுதிப் பரீட்சைக்கு முன்னமே தீர்ந்துவிடுகிறது. அந்தத் தாளின் பிரதி ஒன்றை மகனிடமோ மகளிடமோ கேட்டு வாங்கி, கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டும். பாடத்தின் பெயர்கூட வேண்டாம், ஒரு கோடு போதும். பினாங்குக்குச் சரக்கெடுக்கப் போவதற்கும், உறவினர் வீட்டு நிக்காஹுக்கும் பிள்ளையை எந்த வாரம் கூப்பிடக் கூடாது என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.